நங்கூரம் வரையாமல் ஒரு கடற்கரை ஊர்

கடற்கரை ஊர்களில் விற்கும் அச்சுத் துணிப் பொருள்கள் பத்தை மேசையில் பரப்பி, ஊர்ப் பெயரை மட்டும் விரலால் மறைத்துவிடுங்கள். எது எந்த ஊருடையது என்று அந்தந்த ஊர்க்காரர்களாலேயே சொல்ல முடியாது. நங்கூரம், சுக்கான் சக்கரம், நட்சத்திர மீன், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். வரைந்தவர் அந்தக் கரையில் கால் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்குபவரும் அதை ஊருக்குத் திரும்பியதும் அலமாரியில் போட்டுவிடுகிறார்.

நங்கூரத்தின் மேல் எனக்குத் தனிப் பகை கிடையாது. அது எல்லா ஊருக்கும் பொது, அவ்வளவுதான். ஒரு ஊருக்கு மட்டும் உரியவை என்று தேடினால் பெரும்பாலும் அளவுகள்தான் கையில் சிக்கும். அங்கே கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது. விளக்கு எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது. வலைக் கண்ணி எத்தனை மில்லிமீட்டர். படகுகளுக்கு எந்தப் பச்சையை அடிக்கிறார்கள், அது வெயிலில் என்ன நிறமாக மாறுகிறது. இவற்றை வைத்தே ஸ்டோல், சதுர ஸ்கார்ஃப், தோள்பை, சின்னப் பர்ஸ், தலைமுடிப் பட்டை என்று ஒரு முழுத் தொகுப்பைக் கட்டிவிடலாம். வெளியூர்க்காரருக்கு அது நல்ல டிசைன். உள்ளூர்க்காரருக்கு அதன் கணக்கு புரியும்.

ஓத அட்டவணையிலிருந்து ஒரு ஸ்டோல்

இருப்பதிலேயே வளமான மூலப்பொருள் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல். பல கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் பெரிதாகும். இடைப்பட்ட அட்டமி நாட்களை ஒட்டிச் சிறுத்துவிடும். சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம். வேறு சிலவற்றில் அடுத்தடுத்த இரு ஏற்றங்களின் உயரம் ஒன்றாக இருக்காது. ஆக, ஒரு துறைமுகத்தின் ஓர் ஆண்டு வளைகோடு இன்னொரு துறைமுகத்துடையதோடு அப்படியே பொருந்துவதில்லை.

180-க்கு 65 செ.மீ. ஸ்டோலை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்கு ஒரு வரிசை, நீளவாக்கில். 31 நாள் 180 செ.மீ.க்குள் அடங்க வேண்டுமென்றால் நாளுக்கு 5.8 செ.மீ. அந்த அளவில் ஒவ்வோர் ஓத அலையும் சரியாக 3 செ.மீ. அகலம் வரும். அகலவாக்கில் 12 வரிசை, வரிசைக்கு 5 செ.மீ., மொத்தம் 60. மேலும் கீழும் இரண்டரை இரண்டரை செ.மீ. ஓரம் மிஞ்சும். அந்த ஊரில் ஓத வீச்சு அதிகபட்சம் 2 மீட்டர் என்றால், மீட்டருக்கு 2 செ.மீ. வைத்தால் பெரிய அலை 4 செ.மீ. உயரம். வரிசைக்குள் நிற்கும், அடுத்த வரிசையை இடிக்காது.

அட்டவணையில் கிடைப்பது ஏற்றத்தின் நேரமும் உயரமும், வற்றத்தின் நேரமும் உயரமும் மட்டுமே. இந்தப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். ஏற்றத்திலிருந்து வற்றம் வரை அரைக் கொசைன் வளைவாக இணைக்க வேண்டும். உச்சியிலும் அடியிலும் கோடு சற்று நின்று திரும்பும். உண்மையான கடலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. விரிதாளில் ஒரு சூத்திரம் எழுதி, கிடைக்கும் புள்ளிகளை வெக்டர் மென்பொருளில் ஏற்றினால் போதும், கையால் எழுநூறு அலை வரையத் தேவையில்லை. அட்டவணையை வெளியிடும் அமைப்பு அதன் தரவை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரிசையையும் அமாவாசையில் தொடங்கினால், பெரிய அலைகளெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, துணியில் இரண்டு செங்குத்துப் பட்டைகள் விழும். நாட்காட்டி மாதத்தின் முதல் தேதியில் தொடங்கினால், அமாவாசை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் முந்துவதால், பருத்த பகுதி வரிசைக்கு சுமார் 5 செ.மீ. இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போய்ச் சாய்வுப் பட்டை உண்டாகும். இரண்டாவதைத்தான் நான் எடுப்பேன். தோளில் விழும் துணியில் செங்குத்துப் பட்டை தற்செயலாக மடிந்தால் கோணலாகத் தெரியும். சாய்வுக்கு அந்தத் தொல்லை இல்லை. தவிர, பிப்ரவரி வரிசை மூன்று நாள், அதாவது 17 செ.மீ.க்குச் சற்று மேல், குட்டையாக நிற்கும். வலது ஓரம் மேடும் பள்ளமுமாக முடிவதை மறைக்க வேண்டாம், அதுவே நல்ல முந்தானை.

முதல் மாதிரியில் கெட்டுப்போவது பெரும்பாலும் கோட்டின் தடிமன். 1 மி.மீ. கோட்டில் வரைந்தால், பெரிய ஓத நாட்களில் அலையின் செங்குத்தான இரு பக்கமும் நெருங்கி வந்து கண்ணைப் பறிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் திட்டாகத் தெரியும். கோட்டை எடுத்துவிட்டு வளைவுக்குக் கீழே உள்ள பரப்பை நிறத்தால் நிரப்பினால் சரியாகிவிடும். ஓத வீச்சு 30 செ.மீ. மட்டுமே உள்ள ஊர் என்றால் வளைவு கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்துவிடும். அப்போது உயர அளவை எல்லா வரிசைக்கும் ஒரே மடங்கில் பெருக்கிக்கொள்ளலாம். அழகுக்காக அங்கொன்றும் இங்கொன்றுமாக அலையை உயர்த்தினால் பிறகு அது அலங்காரக் கோலம்தான், ஓதம் இல்லை.

விளக்கும் வலையும்

கலங்கரை விளக்கத்தின் கோபுரத்தை எல்லோரும் வரைகிறார்கள், அதன் ஒளியை யாரும் தொடுவதில்லை. அருகருகே உள்ள விளக்குகளை இரவில் கப்பல்காரர் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னல் தாளம் கொடுத்திருக்கிறார்கள். விளக்குப் பட்டியல்களில் அது அச்சாகியிருக்கும். 20 நொடிக்கு மூன்று மின்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்கு 1 செ.மீ. என்றால் 20 செ.மீ. ரிப்பீட், அதாவது டிசைன் திரும்பத் திரும்ப வரும் அளவு. அரை நொடி மின்னலுக்கு 5 மி.மீ. வெளிர்ப் பட்டை, மிச்சமெல்லாம் இருட்டு. பை வாருக்கும் தலைமுடிப் பட்டைக்கும் இதைவிடப் பொருத்தமான டிசைன் கிடைக்காது. குறுக்குப் பட்டைகளுக்கு மேல் கீழ் கிடையாது, 60 செ.மீ. வாரில் மூன்று சுற்று முழுசாக உட்காரும். மின்னல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் அழகு கருதி மாற்றிவிடாதீர்கள். அது வேறொரு ஊரின் விளக்காகிவிடும்.

வலை விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. வலையை சதுரக் கட்டமாகவோ சம சாய்சதுரமாகவோ வரைந்துவிடுகிறார்கள், பார்த்தால் கம்பிவேலி போல இருக்கிறது. தொங்கும் வலையின் கண்ணி எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிப்பது, எத்தனை மீட்டர் வலையை எத்தனை மீட்டர் கயிற்றில் கோத்திருக்கிறார்கள் என்ற விகிதம். கண்ணியை முழுசாக இழுத்துப் பிடித்தால் 50 மி.மீ. இருக்கும் செவுள் வலையைப் பாதி நீளக் கயிற்றில் கோத்தால், கண்ணியின் அகலம் 25 மி.மீ., உயரம் 43 மி.மீ. அதாவது ஒன்றுக்கு ஒன்றேமுக்கால், ஒல்லியாக நிற்கும் சாய்சதுரம். விகிதம் 0.7-ஐத் தொடும்போதுதான் அகலமும் உயரமும் சமமாகும். வலை கட்டுபவர் யாரிடமாவது கேட்டால் அந்த ஊரின் விகிதம் தெரிந்துவிடும். கண்ணி சந்திக்கும் இடத்தில் வெறும் குறுக்குக் கோடு போடக் கூடாது. அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நூலின் தடிமனைப் போல மூன்று மடங்குள்ள, ஒரு பக்கம் சற்றே சாய்ந்த சின்னப் புடைப்பாக அதை வரைந்தால் போதும், வலை உயிர் பெற்றுவிடும். தோள்பையில் அசல் அளவிலேயே அச்சிடலாம். பர்ஸின் உள்துணிக்கு கால் அளவு.

விகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கடலோடிகளின் பட்டைச் சட்டையே சாட்சி. பிரெஞ்சுக் கடற்படை 1858 மார்ச் 27-இல் போட்ட விதியில் வெள்ளைப் பட்டை 20 மி.மீ., நீலப் பட்டை 10 மி.மீ. என்று எழுதியே வைத்தது. இன்றைக்கும் இரண்டுக்கு ஒன்று என்று பட்டை போட்டால் கடல் ஞாபகம் வரும். சமமாகப் போட்டால் கடை வாசல் கூடாரத் துணிதான்.

இன்னொன்று, சமிக்ஞைக் கொடிகள். ஐந்தே நிறம், சுத்தமான வடிவங்கள் என்பதால் டிசைனர்களுக்கு அவற்றின் மேல் ஆசை. ஆனால் அவை ஆங்கில எழுத்துகள். தனித்தனியே பொருளும் உண்டு. சர்வதேசக் குறியீட்டில் யூ (U) என்ற கொடியைத் தனியாக ஏற்றினால் ‘நீ ஆபத்தை நோக்கிப் போகிறாய்’ என்று அர்த்தம். ஓ (O) கொடிக்கு ‘ஆள் கடலில் விழுந்துவிட்டார்’. ‘என்’ (N) கொடிக்குக் கீழே ‘சி’ (C) கொடி வந்தால் அது அபாய அழைப்பு. அழகான வரிசை என்று நினைத்துத் தலைக்குட்டையின் ஓரம் முழுக்க அபாய அழைப்பை அச்சிட்டுவிட வாய்ப்புண்டு. எதை எழுதுகிறோம் என்று தெரிந்து அடுக்குங்கள். படகுகளின் பதிவு எண்ணையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். படகின் மூக்கில் ஓவியம் தீட்டியவர் இருந்தால் அவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

நிறம்: ஒரே ஒரு நீலம்

போன் புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுப்பதுதான் வழக்கம். வெயிலில் எடுத்த படத்தில் கேமரா தன் இஷ்டத்துக்கு நீலத்தைக் கூட்டியிருக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் நிற அட்டையைக் கையோடு கொண்டுபோய், மேகமூட்டமான வெளிச்சத்தில் பொருளின் பக்கத்திலேயே வைத்து எண்ணைக் குறித்துக்கொள்வது நம்பகமான வழி. ஒவ்வொன்றையும் ஈரமாக ஒருமுறை, காய்ந்த நிலையில் ஒருமுறை குறியுங்கள். ஈர மணலும் காய்ந்த மணலும் ஒரே நிறம், வெளிச்ச அளவு மட்டும் வேறு. இந்த ஒரு ஜோடியே டிசைனின் பின்னணியைத் தாங்கிவிடும்.

கடற்கரை ஊர் என்றால் நீலம்தான் என்று ஐந்து நீலத்தை வைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சலிப்பு. ஒன்று போதும், அதுவும் ஈயச் சாம்பல் கலந்த நீலமாக இருந்தால் நல்லது. மற்றவை ஊரிலேயே கிடக்கின்றன: உரிந்த பச்சை பெயிண்ட், அதன் கீழே எட்டிப் பார்க்கும் பழைய மஞ்சள், ஆணியிலிருந்து வழிந்த துரு, கொட்டலசு என்ற ஓட்டு உயிரி ஒட்டிய கல்லின் சுண்ணாம்பு வெள்ளை, மிதவையின் ஆரஞ்சு. எவ்வளவு எவ்வளவு என்பதைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 10 செ.மீ. அட்டையில் அந்தந்த நிற நூலைச் சுற்றிப் பாருங்கள். காய்ந்த மணல் 4 செ.மீ., ஈர மணல் இரண்டரை, நீலம் இரண்டு, பச்சை ஒன்று, துரு கால் செ.மீ.யும் ஆரஞ்சு கால் செ.மீ.யும் என்று சுற்றினால், அந்தக் கால் செ.மீ. ஆரஞ்சு என்ன செய்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அதையே 2 செ.மீ. ஆக்கினால் உயிர்காப்பு உடைதான்.

மிதவை ஆரஞ்சில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையில் அது ஒளிரும் நிறமி. சாதாரண அச்சு மைக் கலவையால் அதை எட்டவே முடியாது, மங்கிய பூசணி நிறம்தான் வரும். ஒளிரும் மையைத் தனியாக ஊற்றி அச்சிடும் இடங்களும் உண்டு, ஆனால் அந்த நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். கடற்கரையில் பயன்படுத்தும் பொருளுக்கு அது ஆகாது. பக்கத்தில் உள்ள நிறங்களை ஒரு படி மங்கலாக்கினால் சாதாரண ஆரஞ்சே எடுப்பாகத் தெரியும்.

மடித்த பிறகு தெரிவது எது

90 செ.மீ. சதுர ஸ்கார்ஃபின் நடுவில் பெரிய படம் வைப்பது ஆரம்பக்காரர் எல்லோரும் செய்வது. மூலைவிட்டமாக மடித்து, சுருட்டி, கழுத்தில் கட்டிப் பாருங்கள். 127 செ.மீ. மூலைவிட்டத்தை ஒட்டிய ஒரு பட்டையும் இரண்டு முனைகளும்தான் வெளியே தெரியும். சதுரத்தின் நடுப்புள்ளி பிடரிக்குப் போய் முடிக்குள் மறைந்துவிடும். அதனால் கதையை மூலைகளில் வையுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு நிற அமைப்பு கொடுத்தால், விடிகாலை, உச்சிவெயில், மாலை, இரவு என்று, ஒரே துணி எந்தப் பக்கம் மடிப்பது என்பதைப் பொறுத்து நான்கு ஸ்கார்ஃப் ஆகும். திரையில் முடிவு செய்வதற்கு முன் சாதாரண வெள்ளைத் துணியை அந்த அளவில் வெட்டி, மார்க்கரால் நான்கு மூலையிலும் நடுவிலும் ஏதாவது எழுதி, நான்கைந்து விதமாகக் கட்டிப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

ஓரத்தில் மெல்லிய நேர்கோட்டுச் சட்டம் போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். துணி அச்சு இயந்திரத்தில் போகும்போதும் நீராவியில் வேகும்போதும் ஊடை, அதாவது குறுக்கு நூல், சற்று வளையும், சாயும். 90 செ.மீ.க்கு ஒரு செ.மீ. சாய்ந்தாலே, தைத்த விளிம்புக்கும் அச்சிட்ட கோட்டுக்கும் நடுவே ஆப்பு வடிவ இடைவெளி விழும். கண் நேராக அங்கேதான் போகும். மணலில் அலை விட்டுப்போகும் வரிகளை ஓரமாக வைத்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. சுருட்டித் தைக்கும் விளிம்புக்குப் பக்கத்துக்கு 1 செ.மீ. போகும், அதனால் அச்சை எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. கூடுதலாக நீட்டுங்கள். நீட்டாவிட்டால் சுருளுக்குள்ளிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும்.

தோள்பையில் வேறு பொறி. அடியில் தையல் வேண்டாமென்று முன்னும் பின்னும் ஒரே துணியாக வெட்டி அடியில் மடித்தால், பின்பக்கத்தில் படகெல்லாம் கவிழ்ந்து கிடக்கும். இரண்டு துண்டாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் தலைகீழாகத் திருப்பினாலும் செல்லுபடியாகும் டிசைன் வேண்டும். வலையும் மணல் வரியும் அதற்கு ஒத்துக்கொள்ளும். 10 செ.மீ. அகல அடிப்பாகம் வைத்தால் முன்துண்டின் கீழ் 5 செ.மீ. தரைக்குப் போய்விடும். அடிவானக் கோட்டைப் பையைச் சுற்றி நேராக ஓட விடுவது இன்னும் ஆபத்து. பக்கத் தையலில் 3 மி.மீ. தவறினாலே கடல் உடைந்து நிற்கும். தையலுக்கு 4 செ.மீ. முன்பே கோட்டை மூடுபனியாகக் கரைத்துவிட்டால் தைப்பவர் உங்களை வாழ்த்துவார்.

ரிப்பீட்டும் கடற்பறவையும்

ரிப்பீட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லச் சொன்னால், பறவையைச் சொல்வேன். சிறகு விரித்த ஒரு கடற்காகம் ரிப்பீட்டில் இருந்தால், அது இரண்டாவது முறை வரும் இடத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு துணியில் வேறெதுவும் தெரியாது. ஒன்றும் வேண்டாம், அல்லது ஏழெட்டு வேண்டும், ஒவ்வொன்றும் வேறு கோணத்தில். வரிசை வீடுகளுக்கும் இதே கதைதான்.

மணல் வரிகளைப் படுக்கைக் கோடாக வரைந்து மேலும் கீழும் ஒட்டினால் பாய் விரித்தது போலப் பட்டை தட்டும். உண்மையான மணல் வரியைக் குனிந்து பாருங்கள். ஒரு வரி திடீரென்று இரண்டாகப் பிரிந்து கவையாகும், வேறொன்று நடுவிலேயே நின்றுபோகும். இந்தக் கவைகளை ரிப்பீட்டின் ஓரத்துக்குக் குறுக்கே வைத்தால் ஒட்டு மறையும். அடுத்த பத்தியைப் பாதி உயரம் இறக்கி வைக்கும் ஹாஃப் டிராப் முறையில் போட்டால் இன்னும் நல்லது. மூன்றுக்கு மூன்று கட்டமாக அடுக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது வெற்றிடங்கள் ஒரே நேர்கோட்டில் சேர்ந்தால் அங்கே எதையாவது நகர்த்த வேண்டும். ரோட்டரி ஸ்கிரீனில் பெருமளவில் அச்சிடுவதாக இருந்தால் உருளையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ. ரிப்பீட் உயரம் அதைச் சரியாக வகுக்க வேண்டும்: 64, 32, 16. டிஜிட்டலில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

துணி, மை, கடற்பாசி

எந்த மை என்பதைத் துணிதான் சொல்லும். பருத்திக்கும் விஸ்கோஸுக்கும் இழையோடு வினைபுரிந்து பிணையும் ரியாக்டிவ், பட்டுக்கு ஆசிட் அல்லது ரியாக்டிவ், பாலியெஸ்டருக்கு டிஸ்பெர்ஸ். பிக்மென்ட் எதிலும் ஒட்டும், ஆனால் மேற்பரப்பில்தான் உட்காரும். கட்டும்போது பின்பக்கமும் தெரியும் ஸ்கார்ஃபுக்கு பிக்மென்ட் கூடாது. பின்பக்கம் வெளிறிப்போய் இருக்கும், துணியும் விறைக்கும். 14 மோமே பட்டு ட்வில், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 61 கிராம், ஆசிட் சாயத்தை நன்றாகவே பின்பக்கம் வரை விடும். தோள்பைக்கு 340 கிராம் கான்வாஸில் பிக்மென்ட் போதுமானது. ஆனால் விளக்குத் தாள வாருக்குக் கருநீலப் பின்னணி வேண்டும் என்றால் பிக்மென்ட்டில் போடாதீர்கள். அடர் பிக்மென்ட் உரசினால் கழலும், வார் நாள் முழுக்க வெள்ளைச் சட்டையின் தோளில் உரசும். அந்த ஒரு துண்டுக்கு மட்டுமாவது ரியாக்டிவ்.

கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்பவர்களுக்குப் பருத்தியில் ரியாக்டிவ் பேஸ்ட், ஒரு கிலோ கணக்கு: 4 சதவீத சோடியம் ஆல்ஜினேட் கூழ் 500 கிராம், யூரியா 150, சோடியம் பைகார்பனேட் 25, ரெசிஸ்ட் சால்ட் 10, சாயம் 30, மிச்சம் தண்ணீர். ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. கடற்கரை டிசைனில் கடல் உள்ளபடியே கலந்திருக்கும் ஒரே இடம் இதுதான்! மாவுக் கஞ்சியைக் கெட்டிக்காகப் போட்டால் ரியாக்டிவ் சாயம் துணியோடு சேராமல் கஞ்சியோடு சேர்ந்துகொள்ளும். நிறமும் போகும், துணியும் அட்டையாகும். யூரியா நீராவியில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அது அதிகமானால் வலைக் கோடுகள் கசிந்து தடித்துவிடும். காய்ந்தபின் 102 டிகிரி செல்சியஸ் நீராவியில் 8 முதல் 10 நிமிடம். பைகார்பனேட் கலந்த பேஸ்டை நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டாம், சாயம் தண்ணீரோடேயே வினைபுரிந்து வலுவிழந்துபோகும்.

கடல் நிறக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் டர்க்காய்ஸ் என்ற பச்சை கலந்த நீலத்திடம் மாட்டுவார்கள். ரியாக்டிவ் டர்க்காய்ஸின் மூலக்கூறு மற்ற சாயங்களைவிடப் பெரியது. இழைக்குள் மெதுவாகப் போகும், ஒட்டாத மிச்சமும் மெதுவாகத்தான் வெளியே வரும். ஒரே நேரத்தில் எடுத்த மஞ்சளும் சிவப்பும் சுத்தமாக இருக்க, டர்க்காய்ஸ் மட்டும் அலசலில் ஒழுகி, சுண்ணாம்பு வெள்ளையாக விட்ட இடத்தை நீலம் பாய்ச்சிவிடும். அதற்கு நீராவி நேரத்தைச் சற்று நீட்டுங்கள். முதலில் ஓடும் குளிர்ந்த நீரில் நிறம் குறையும்வரை அலசி, பிறகுதான் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சோப்புத் தண்ணீர். ஈரத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

உண்மையான கடற்பாசியைத் துணியில் வைத்து வெயிலில் நீல அச்சு எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த அந்த சயனோடைப் முறை பாசிக்கு அருமையாகப் பொருந்தும், மறுவருடமே ஆனா அட்கின்ஸ் பாசிகளை அப்படிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்த நீலம் காரத்தில் நிற்காது. சாதாரணத் துவைக்கும் தூளில் நனைந்தாலே மஞ்சள் பூத்துவிடும். காகிதத்தில் எடுத்து, ஸ்கேன் செய்து, துணியில் வேறு மையால் அச்சிடுங்கள்.

கோப்பும் மாதிரியும்

அச்சு அளவிலேயே 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும், நுண்ணிய கோடு உள்ள பட்டு ஸ்கார்ஃபுக்கு 200. 90 செ.மீ. என்றால் 150-இல் 5315 பிக்சல், 200-இல் 7087. பட்டில் அரை மி.மீ.க்குக் குறைந்த கோடு நிற்காது, கான்வாஸில் 1 மி.மீ.க்குக் குறைந்தது நெசவுக்குள் தொலைந்துபோகும். இருட்டுப் பின்னணியில் வெள்ளைக் கோடு இன்னும் தடிமனாக வேண்டும், ஏனென்றால் இருபக்கத்திலிருந்தும் மை உள்ளே ஊறும்.

சுருக்கத்தைக் கோப்பிலேயே சரிக்கட்டுங்கள். பருத்தி பாவுவாக்கில், அதாவது நீள நூலின் திசையில், 4 சதவீதமும் ஊடைவாக்கில் 2 சதவீதமும் சுருங்குகிறது என்றால், 90 செ.மீ. கிடைக்க 90-ஐ 0.96-ஆல் வகுத்து 93.75, 0.98-ஆல் வகுத்து 91.8 என்று இரு திசைக்கும் தனித்தனியாகப் பெரிதாக்க வேண்டும். துணிக்குத் துணி இந்த எண் மாறும். அரை மீட்டர் துணியில் 30 செ.மீ. சதுரம் குறித்து, நீராவி, துவைப்பு எல்லாம் முடித்து அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். சதுரமாக வரைந்தது நீள்சதுரமாக வந்தது என்று புகார் சொல்வோர் இதைத்தான் விட்டிருப்பார்கள்.

நிறத்துக்கும் திரையை நம்பாமல், தேர்ந்த ஒவ்வொரு நிறத்தையும் சற்றே கூட்டியும் குறைத்தும் ஐந்தாறு கட்டமாக, அதே துணியில், அதே மையில் அச்சிட்ட அட்டவணை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நீராவிக்கும் அலசலுக்கும் பிறகு உள்ள நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, கடை விளக்கில் ஒருமுறை பாருங்கள். மணல் நிறங்கள்தான் முதலில் ஏமாற்றும். ஜன்னலருகே மணலாக இருப்பது மஞ்சள் விளக்கின் கீழே ரோஸாகிவிடும்.

மாதிரித் துண்டை மூன்று முறை துவையுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியால் காய்ந்த நிலையில் பத்து முறை, நனைத்துப் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். நனைத்த துணியில்தான் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் நனைத்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். நீச்சல்குளத் தண்ணீரிலும் ஒரு துண்டு நனையட்டும். குளோரின் ரியாக்டிவ் சாயங்கள் பலவற்றை வெளுக்கும். அப்படி வெளுத்தால் பராமரிப்புச் சீட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வெட்டும் திட்டத்தை டிசைன் முடிந்தபின் யோசிப்பது வீண். 140 செ.மீ. அகலப் பட்டில் அச்சாகும் பகுதி 138 என்று வையுங்கள். விளிம்போடு சேர்த்து 93 செ.மீ. சதுரம் போக 45 செ.மீ. அகலப் பட்டை மிஞ்சும், அச்சுக் கூலியும் துணிக் கூலியும் அதற்கும் சேர்த்துத்தான். அதில் 10 செ.மீ. அகலத்தில் நான்கு துண்டு, நடுவே ஒரு செ.மீ. இடைவெளி விட்டு அடங்கும். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பாதியாக மடித்து 1 செ.மீ. தையல் விட்டால் 4 செ.மீ. அகல முடிக்கட்டு நாடா. விளக்குத் தாளத்தின் 20 செ.மீ. சுற்று நான்கு, இரு முனைக்கும் ஒவ்வொரு செ.மீ., ஆக 82 செ.மீ.யில் வெட்டினால் தாளம் பாதியில் அறுபடாது. திருப்பி எடுப்பதற்கான 5 செ.மீ. திறப்பை முனையில் விடாமல் நடுவில் விடுங்கள். கட்டும்போது அந்த இடம் முடிக்கு அடியில் போய்விடும்.